பண்ணை பார்க்கும் மனைவிக்குக் கைத்துப்பாக்கி பரிசளிக்க விரும்புகிறேன்: எதை வாங்குவது?

கேள்வி: பாஸ்ட்ராப் வாசி

அனைவருக்கும் வணக்கம். டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டினுக்குக் கிழக்கே உள்ள பாஸ்ட்ராப் கவுண்டியில் எங்களுக்கு 18 ஏக்கர் நிலம் இருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் நான் ஆஸ்டினுக்கு அலுவலகம் போய்விடுவதால், பண்ணையை முழுவதும் பார்த்துக்கொள்பவர் என் மனைவிதான். சிவகங்கைப் பக்கத்தில் தலைமுறையாக வெள்ளாடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவர்; இங்கே வந்த பிறகும் அந்தத் தொழிலையே விரும்பி எடுத்துக்கொண்டார். இப்போது போயர் இனமும் ஸ்பானிஷ் இனமும் கலந்து 43 உருப்படிகள் நிற்கின்றன.

சென்ற மே மாதம் கொட்டகையில் உலர்புல் கட்டு ஒன்றை அவர் தூக்கியபோது, கைக்கு ஒரு சாண் தூரத்தில் காப்பர்ஹெட் பாம்பு சுருண்டு கிடந்தது. அதை மண்வெட்டியால் அடித்துவிட்டார். அதற்கு இரண்டு மாதம் கழித்து நடந்ததுதான் எங்கள் இருவரையும் உலுக்கியது. விடியற்காலையில் கயோட்டி (இங்குள்ள, நரி போன்ற காட்டு விலங்கு) கடித்துக் குதறிய குட்டி ஒன்று, குடல் சரிந்தும் உயிர் போகாமல் வேலியோரம் கிடந்தது. கால்நடை மருத்துவர் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி தரையிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றிரவு, “நம்மிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்திருந்தால் அந்தப் பிள்ளை அவ்வளவு நேரம் துடித்திருக்காது” என்று மட்டும் சொன்னார்.

வரும் நவம்பரில் எங்கள் பன்னிரண்டாவது திருமண நாள். அன்று அவருக்குத் தெரியாமல் ஒரு நல்ல கைத்துப்பாக்கியை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 600 டாலர் ஒதுக்கி வைத்திருக்கிறேன். கடையில் விசாரித்தபோது, பெண்களுக்கு எடை குறைந்த .38 (தோட்டாவின் அளவு) ரிவால்வர்தான் ஏற்றது என்றார் விற்பனையாளர். அலுவலக நண்பர் ஒருவரோ, பாம்பு இருக்கும் பண்ணைக்கு டாரஸ் ஜட்ஜ் என்ற பெரிய ரிவால்வரைத் தவிர வேறு எதையும் பார்க்க வேண்டாம் என்கிறார். என் மனைவி சிறிய உடல்வாகு கொண்டவர். ஆடுகளுக்குக் குளம்பு வெட்டி வெட்டி மணிக்கட்டில் வலியும் இருக்கிறது. எங்களுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். மனைவி கிரீன் கார்டில் இருக்கிறார். எங்கள் இருவரிடமும் இதுவரை துப்பாக்கி இருந்ததில்லை.

எதை வாங்கலாம், என் பெயரில் வாங்கி அவருக்குக் கொடுப்பது சட்டப்படி சரிதானா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி: வேலிக்கால்

தம்பி, நான் லானோ கவுண்டியில் பதினாறு ஆண்டுகளாக ஆடும் சில மாடுகளும் வைத்திருப்பவள். உங்கள் மனைவியின் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன் என்பதால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தெரியாமல் வாங்கிக் கொடுக்க வேண்டாம். நம் ஊரில் கதிர் அறுக்கப் போகிறவர்கள் அடுத்தவருடைய அரிவாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவதில்லை. பிடி கைக்குப் பழகியிருக்க வேண்டும். கைத்துப்பாக்கிக்கும் அப்படித்தான். இங்கு வந்த புதிதில் என் கணவரும் மிகுந்த அன்போடு, கடைக்காரர் சொன்னபடி, எடை குறைந்த .38 ரிவால்வர் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். ஐந்து தோட்டாக்களைச் சுட்டு முடித்தபோது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் சிவந்து தடித்துவிட்டது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் அது மேசை இழுப்பறையைவிட்டு வெளியே வரவே இல்லை. அவர் மனம் நோகக் கூடாது என்று நான் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

துப்பாக்கி எவ்வளவு எடை குறைவாக இருக்கிறதோ, அதே தோட்டாவுக்குக் கையில் அவ்வளவு கடுமையாக உதைக்கும். ரூகர் எல்சிஆர் .38 ரிவால்வர் 13.5 அவுன்ஸ், அதாவது 400 கிராம்கூட இல்லை. நாள் முழுவதும் இடுப்பில் வைத்துக்கொள்ள அது சுகம்தான். ஆனால் மணிக்கட்டு வலி உள்ளவர் அதைக் கொண்டு பழகவே மாட்டார், பழகாதவர் அவசரத்தில் குறி தவறுவார். அதே நிறுவனத்தின் எஸ்பி 101 முழுக்க எஃகால் ஆனது. 25 அவுன்சுக்கு மேல் எடை இருக்கிறது. சுடுவதற்கு அது எவ்வளவோ சாது, ஆனால் அந்த எடையை நாளெல்லாம் பெல்ட் தாங்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதை அந்தக் கைக்கு உரியவர்தான் சொல்ல முடியும்.

இன்னொன்று, ட்ரிகரின் இறுக்கம். டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் ட்ரிகரை ஒரே இழுப்பில் இழுத்துச் சுட வேண்டுமென்றால், பெரும்பாலும் பத்துப் பவுண்டு அளவுக்கு விரலில் வலு வேண்டும். சிங்கிள் ஆக்‌ஷனில் சுத்தியலை (தோட்டாவைத் தட்டும் பின்பகுதியை) கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டால், ட்ரிகர் மிக மென்மையாக விழும். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல் என்றால் மேலிருக்கும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க இரண்டு கையிலும் பிடிமானம் வேண்டும். கைவலி உள்ளவர்களுக்கென்றே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 2018-இல் ஷீல்ட் ஈசி என்ற பிஸ்டலைக் கொண்டுவந்தது. அதன் ஸ்லைடு எளிதாக வருகிறது. இவை எல்லாவற்றையும் வாடகைக்குக் கொடுத்துச் சுடவிடும் பயிற்சிக் கூடங்கள் ஆஸ்டினைச் சுற்றி இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை முழுவதையும் அதற்கென்று ஒதுக்குங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். உங்கள் கேள்வியில் இரண்டு வேலைகள் இருக்கின்றன: பக்கத்தில் கிடக்கும் பாம்பு, பிழைக்க வழியில்லாத ஆடு. இரண்டுக்கும் சிறிய அளவான .22 தோட்டா போதும். வளர்ந்த காளைக்கும் பெரிய பன்றிக்கும் .22 போதாது என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போதாத தோட்டாவால் சுடுவது அந்த விலங்குக்கு இரட்டைக் கொடுமை. ஆட்டை வலியின்றி முடிக்க எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் வைத்துச் சுட வேண்டும் என்பதை உங்கள் கால்நடை மருத்துவரே நேரில் காட்டிக் கொடுப்பார். கொம்புள்ள ஆட்டுக்கு நெற்றி சரியான இடமல்ல, தலையின் பின்புறம்தான். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு முறை பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

பாம்புக்கென்று சிசிஐ நிறுவனம் தோட்டாவுக்குள் பொடி ரவைகளை அடைத்து விற்கிறது. .22, .38, 9 மில்லிமீட்டர் என்று பல அளவுகளில் கிடைக்கும். எட்டுப் பத்தடிக்குள் அது நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் போனால் ரவைகள் சிதறிவிடும். ரிவால்வரில் முதல் இரண்டு அறைகளில் ரவைத் தோட்டாவும் மற்றவற்றில் சாதாரணத் தோட்டாவும் போட்டுக்கொள்வது இங்கே பண்ணைக்காரர்களிடையே பழைய வழக்கம். பிஸ்டலில் இந்த ரவைத் தோட்டா சில நேரம் ஸ்லைடை முழுதாகத் தள்ளாமல் நின்றுபோகும். பண்ணைக்கு ரிவால்வர் மேல் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜட்ஜ் .45 கோல்ட் தோட்டாவையும் .410 ஷாட்கன் தோட்டாவையும் ஏற்கும். பாம்புக்கு அது சரியான கருவிதான், உங்கள் நண்பர் சொன்னதில் தவறில்லை. ஆனால் தோட்டாக்கள் நிற்கும் சிலிண்டர் நீளமும் அகலமும் கூடியது. வேலி கட்டும்போதும் ஆட்டைக் காலிடுக்கில் பிடித்துக் குளம்பு வெட்டும்போதும் அது விலாவில் இடித்துக்கொண்டே இருக்கும். இடிக்கிறது என்று கழற்றி வண்டியில் வைத்துவிட்டால், பாம்பைப் பார்க்கும்போது துப்பாக்கி வண்டியில் இருக்கும்.

கடைசியாக ஒன்று: 600 டாலரையும் துப்பாக்கியில் போட்டுவிடாதீர்கள். பாதியைத்தான் அதற்கு வைக்க வேண்டும். ட்ரிகரை முழுவதும் மூடும் கெட்டியான உறை, காதுக்கு மின்னணு மூடி, பூட்டும் எஃகுப் பெட்டி, பயிற்சி வகுப்பு, பழகுவதற்குத் தோட்டாக்கள் ஆகியவற்றுக்கு மீதிப் பாதி ஆகிவிடும். தகரக் கொட்டகைக்குள் .22 வெடித்தால்கூடக் காது அடைத்துவிடும். சினை ஆடுகள் நிற்கும் இடத்தில் சுட வேண்டிய நிலை வந்தால், முடிந்தவரை ஆடுகளை முதலில் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி எந்தக் கைப்பழக்கம் உள்ளவர்?

மறுமொழி: ஹூஸ்டன் கரை

சட்டக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நான் வழக்கறிஞர் அல்லன். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றில் வார இறுதிகளில் ஆறு ஆண்டுகள் வேலை செய்து, துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473-ஆம் எண் படிவத்தை நூற்றுக்கணக்கானவர்களுக்கு எடுத்துக் கொடுத்தவன்.

அந்தப் படிவத்தில், “இதை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?” என்ற பொருளில் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் சொந்தப் பணத்தில், திரும்ப எதையும் எதிர்பாராமல், பரிசாகக் கொடுப்பதற்காக வாங்கினால், உண்மையான வாங்குபவர் நீங்களே. “ஆம்” என்று எழுதுவது முற்றிலும் சரி. மற்றொருவர் பணம் கொடுத்து, அவருக்காக நீங்கள் போய் வாங்கினால்தான் அது குற்றமாகிறது. 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அப்ராம்ஸ்கி வழக்கை எங்கள் கடையில் புதிதாகச் சேருபவர்களுக்கு எப்போதும் சொல்வோம். வர்ஜீனியாவைச் சேர்ந்த முன்னாள் போலீஸ்காரர் ஒருவர், தமக்குக் கிடைக்கும் தள்ளுபடிக்காக, மாமாவிடம் 400 டாலர் காசோலை வாங்கிக்கொண்டு அவருக்காக ஒரு கிளாக் 19 பிஸ்டல் வாங்கினார். இருவருமே துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர்கள். இருந்தும் படிவத்தில் அவர் எழுதியது பொய் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. துப்பாக்கி வைத்திருக்கத் தடையுள்ளவருக்காகத் தெரிந்தே வாங்கிக் கொடுக்கும் குற்றத்துக்கு 2022-இல் வந்த புதிய சட்டம் 15 ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது. ஆகவே கடை வாசலில் உங்கள் மனைவி பர்ஸிலிருந்து பணம் எடுத்து உங்களிடம் நீட்டும்படி ஆகிவிடக் கூடாது.

இந்த விஷயத்தில் நம்மவர்கள் அதிகம் தவறுவது விசாவில்தான். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்குவதற்கு முன் வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும். உங்கள் மனைவி கிரீன் கார்டு வைத்திருப்பதால் இந்தத் தடை அவருக்கு இல்லை. அவர் பெயரிலேயே வாங்குவதானால், படிவத்தில் தம் குடியேற்றப் பதிவு எண்ணை எழுத வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

டெக்சஸில் வாங்குவதற்குத் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை. 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள 21 வயதுக்காரர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். சொந்த நிலத்தில் அதற்கு முன்பே தடை இருந்ததில்லை. ஒரே மாநிலத்தில் வசிக்கும் கணவன் மனைவிக்குள் பரிசாகக் கொடுக்கக் கடைக்காரர் நடுவில் வர வேண்டியதும் இல்லை. மற்ற மாநிலங்களில் இருந்து இதைப் படிப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். நியூயார்க்கில் கைத்துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கவே உரிமம் வேண்டும்.

உங்கள் மனைவி பண்ணைக்கு எடுத்துப் போகும் பையையும் ஊருக்கு எடுத்துப் போகும் பையையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பையின் தையல் மடிப்பில் ஒரே ஒரு .22 தோட்டா மறந்து கிடந்தாலும், இந்திய விமான நிலையத்தில் அது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்காகிவிடும். தாத்தாவின் சாவுக்கு அவசரமாகக் கிளம்பியவர் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்ததை நான் அறிவேன்.

மறுமொழி: சாரை நேசன்

நான் சான் ஆன்டோனியோவில் வீடுகளுக்குள் வரும் பாம்புகளைப் பிடித்து அப்புறப்படுத்தும் தன்னார்வலன். துப்பாக்கி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பாம்புக்காக மட்டும் அதை வாங்குவதாக இருந்தால் சற்று யோசிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

டெக்சஸில் நச்சுப் பாம்புகள் நான்கு வகைதான்: ராட்டில்ஸ்நேக், காப்பர்ஹெட், காட்டன்மௌத், பவளப் பாம்பு. மற்றவை மனிதருக்கு ஆபத்தில்லாதவை. உங்கள் கொட்டகையில் அதிகம் தென்படப்போவது டெக்சஸ் ரேட் ஸ்நேக் என்ற எலிப்பாம்பு. நம் ஊர்ச் சாரையைப் போல எலி பிடித்து வாழ்வது. தீவனம் வைத்திருக்கும் பண்ணைக்கு அது இருப்பது நன்மை. மிரண்டால் வாலைக் காய்ந்த சருகில் அடித்துக் கிலுகிலுவென்று ஒலி எழுப்பும் என்பதால், ராட்டில்ஸ்நேக் என்று நினைத்து அதைக் கொன்றுவிடுகிறார்கள். இன்னொரு செய்தியும் பாஸ்ட்ராப் பக்கத்தில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: உங்கள் பகுதியில் வாழும் டிம்பர் ராட்டில்ஸ்நேக் நெடுங்காலம் மாநிலத்தின் பாதுகாக்கப்பட்ட உயிரினமாக இருந்தது.

பாம்புக் கடிகளில் பல, பாம்பைக் கொல்லவோ பிடிக்கவோ நெருங்கியவர்களுக்கு ஏற்படுபவை. ரவைத் தோட்டா எட்டடிக்குள்தான் வேலை செய்யும் என்றால், நகர்ந்து போகவிட்டிருக்கக் கூடிய ஒரு பாம்பை நோக்கி எட்டடி வரை நடக்க வேண்டும் என்பதுதானே அதன் பொருள்? உலர்புல் கட்டைக் கையால் தூக்குவதற்கு முன்பு நீண்ட கொக்கியால் தன் பக்கமாகப் புரட்டும் பழக்கத்தை உங்கள் மனைவி ஏற்படுத்திக்கொண்டால், மே மாதத்தில் நடந்தது போன்ற அபாயம் பெரும்பாலும் நீங்கிவிடும். கட்டுகளைத் தரையில் அடுக்காமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்குங்கள். முழங்கால் அளவு தோல் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்.

கயோட்டிக்கும் நாயே முதல் காவல். கிரேட் பிரனீஸ் அல்லது அனடோலியன் இன நாய்கள் இரண்டைக் குட்டியிலிருந்தே ஆடுகளோடு பழக்கினால் இரவெல்லாம் பட்டியைவிட்டு நகராமல் காக்கும். சான் ஆஞ்சலோவில் உள்ள டெக்சஸ் ஏ அண்ட் எம் வேளாண் மையம் இதற்கென்றே தனித் திட்டம் நடத்துகிறது. அந்தக் குட்டியை இழந்தது போன்ற ஒரு காலை மறுபடி வராமல் இருப்பதற்கு, என் கணிப்பில், நாய்கள் செய்வதைத் துப்பாக்கி செய்ய முடியாது.

பாஸ்ட்ராப் வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வேலிக்கால் அம்மா கேட்டதைப் படித்த பிறகுதான், நான் எழுத வேண்டிய முக்கியமான ஒன்றை எழுதாமல் விட்டிருப்பது தெரிந்தது. என் மனைவிக்கு இடக்கைப் பழக்கம். சிறு வயதில் அதட்டிப் பழக்கியதால் சாப்பிடுவதும் எழுதுவதும் வலக்கையில். ஆனால் குளம்பு வெட்டுவது, சுத்தியல் அடிப்பது, கல் எறிவது எல்லாம் இடக்கைதான். மணிக்கட்டு வலியும் இடது கையில்தான்.

மறுமொழி: வேலிக்கால்

அப்படியென்றால் வலக்கையர்களுக்காக அமைந்த பிஸ்டல்களிலும் ரிவால்வர்களிலும் பல சின்னத் தொல்லைகள் இருக்கும். டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில் சிலிண்டரைத் திறக்கும் பொத்தான் பெரும்பாலும் இடப்பக்கம், வலது கட்டைவிரலுக்கு எட்டும்படி வைத்திருப்பார்கள்.

ஆனால் பழைய பாணி சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் இடக்கையருக்கென்றே செய்தது போல அமைந்துவிடும். அதில் தோட்டா போடும் சிறு கதவு வலப்பக்கம் இருக்கிறது. வலக்கையர் சுட்டுவிட்டுத் துப்பாக்கியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டுதான் தோட்டா போட வேண்டும். உங்கள் மனைவி இடக்கையில் பிடித்தபடியே வலக்கையால் ஒவ்வொன்றாகப் போடலாம். ரூகர் ராங்லர் .22-ஐ அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். 2019-இல் வெளிவந்தபோது அதன் பட்டியல் விலை 249 டாலர். இப்போதும் உங்கள் கணக்கில் பாதிக்குள் அடங்கும். ஆறு தோட்டா, சாதுவான உதை. சுத்தியலை இழுத்தால் ட்ரிகர் லேசாகிவிடும் என்பதால் மணிக்கட்டுக்கும் வேலை குறைவு. கீழே விழுந்தாலும் தானாக வெடிக்காதபடி உள்ளே தடுப்புப் பட்டை இருக்கிறது. யாராவது 1973-க்கு முந்திய பழைய ரூகர் சிங்கிள் ஆக்‌ஷனை மலிவாகக் கொடுத்தால் மட்டும், பட்டறையில் மாற்றியமைக்கப்பட்டதா என்று கேளுங்கள். அந்தக் காலத்து அமைப்பில் சுத்தியலுக்குக் கீழே உள்ள அறையைக் காலியாக விட்டுத்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

மனிதரிடமிருந்து தற்காத்துக்கொள்வது நோக்கமாக இருந்தால் இதை நான் சொல்லமாட்டேன். காட்டுப்பன்றிக் கூட்டம் வந்தாலும் இதை நம்ப வேண்டாம். அதற்கு ரைஃபிள் தனியாக வேண்டும். சொந்த நிலத்தில் பன்றியைச் சுட 2019 முதல் வேட்டை உரிமம் தேவையில்லை என்றாலும், .22-ஆல் அதைக் காயப்படுத்துவது தவறு. சிறிய தோட்டாதானே என்று அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். .22 தோட்டா ஒரு மைலுக்கு மேல் போகும். கல்லிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கும். சுடும் திசையில் மண்மேடு இருக்கிறதா, பக்கத்து நிலத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் விரலை ட்ரிகரில் வைக்கக் கூடாது.

மறுமொழி: டெம்பிள் செவிலி

நான் மருத்துவமனையில் அவசரப் பிரிவில் பணிபுரிகிறேன். யாரும் இதுவரை எழுதாத ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் ஒன்பது வயதுக் குழந்தை இருக்கிறாள். டெக்சஸ் தண்டனைச் சட்டம் 46.13-இன்படி, சுடத் தயாரான துப்பாக்கியை நீங்கள் கவனக்குறைவாக வைத்து, அது 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டிவிட்டால் குற்றம். ஆனால் சட்டத்துக்காக மட்டும் நான் சொல்லவில்லை. பண்ணையில் துப்பாக்கி படுக்கையறையில் தங்காது. இடுப்பிலிருந்து சமையல் மேடைக்கும், மேடையிலிருந்து டிராக்டர் இருக்கைக்கும் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே வந்து கை கழுவும் இடத்துக்குப் பக்கத்திலேயே, சுவரில் திருகிப் பொருத்திய எஃகுப் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பு துப்பாக்கி அதற்குள் போக வேண்டும். கடையில் துப்பாக்கியோடு கொடுக்கும் கம்பிப் பூட்டு நல்லதுதான், ஆனால் தினமும் பத்து முறை அதைப் பூட்டித் திறக்க யாருக்கும் பொறுமை இருக்காது. விரலால் தொட்டுத் திறக்கும் பெட்டியென்றால் நிச்சயம் பயன்படுத்துவார்கள். உங்கள் மகளுக்கு அதை மறைக்கவும் வேண்டாம். என்ன இருக்கிறது, கண்டால் தொடாமல் யாரிடம் சொல்ல வேண்டும் என்று நேராகச் சொல்லிக்கொடுங்கள்.

இரண்டாவது, இதை மிகுந்த அன்போடு சொல்கிறேன். இந்த நாட்டில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. விவசாயிகள் தனிமையிலும் கடனிலும் நட்டத்திலும் உழல்பவர்கள். நாள் முழுவதும் தனியாக வேலை செய்யும் ஒருவருக்கு நீங்கள் இதைக் கொடுக்கிறீர்கள். உங்கள் இருவரில் யாராவது தூக்கமின்றி, பேச்சின்றி, மனம் ஒடிந்து கிடக்கும் காலம் வந்தால், அந்த நாட்களில் துப்பாக்கி வீட்டைவிட்டு வெளியே, நம்பிக்கையான நண்பரிடம் இருக்க வேண்டும் என்று இப்போதே, நன்றாக இருக்கும்போதே, இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மன நெருக்கடியில் உதவும் 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். டெக்சஸ் விவசாயிகளுக்கென்று அக்ரிஸ்ட்ரெஸ் என்ற தனி உதவித் தொடர்பும் இருக்கிறது. கேட்கும்போது சங்கடமாக இருக்கும். நான் பார்த்த குடும்பங்களில் அந்தப் பேச்சை முன்கூட்டியே பேசியவர்கள் யாரும் இல்லை.

பாஸ்ட்ராப் வாசி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். உதவியவர்களுக்கு விவரம் சொல்ல வேண்டியது என் கடமை.

திருமண நாளுக்குக் காத்திருக்காமல் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இந்தப் பதில்களையும் படித்துக் காட்டினேன். செவிலி அவர்கள் எழுதியதைப் படித்தபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்தக் குட்டி செத்த பிறகு ஒரு வாரம் தமக்குச் சரியாகத் தூக்கம் இல்லை என்றும், நான் ஆஸ்டினுக்குப் போகும் நாட்களில் மாலை வரை ஒரு மனிதக் குரலும் கேட்பதில்லை என்றும் சொன்னார். எனக்கு அது தெரியாது. இப்போது மதியம் ஒரு மணிக்கு, என்ன வேலை இருந்தாலும், அலுவலகத்திலிருந்து நான் அழைக்கிறேன்.

சென்ற சனிக்கிழமை பயிற்சிக் கூடத்துக்குப் போனோம். எடை குறைந்த .38-இல் இரண்டு முறை சுட்டதும் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையை முந்தானையில் தேய்ப்பது போல ஜீன்ஸில் தேய்த்துக்கொண்டார். ஷீல்ட் ஈசியின் ஸ்லைடு அவருக்கு எளிதாக வந்தது; ஆனால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் குப்பி தெறித்து முகத்துக்குக் குறுக்கே போவது பிடிக்கவில்லை. எஸ்பி 101 நன்றாகவே இருந்தது, விலைதான் கணக்குக்கு மேலே போயிற்று. கடைசியாக ராங்லரை எடுத்து, யாரும் சொல்லாமலே இடக்கையில் பிடித்து, வலக்கையால் சிறு கதவைத் திறந்து ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டார். விதை ஊன்றுகிறவர் போல இருந்தது எனக்கு. ஏழு கெஜத் தூரத்தில் ஆறும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன.

அதையே வாங்கினோம், படிவத்தில் அவரே தம் பெயரில் கையெழுத்திட்டு, தம் பணத்திலேயே வாங்கிக்கொண்டார். நான் ஒதுக்கிய பணத்தில் எஃகுப் பெட்டி, இடக்கை உறை, மூவருக்கும் காது மூடி, அவருக்கு முழங்கால் பூட்ஸ், நீண்ட கொக்கி ஒன்று, அடுத்த மாதப் பயிற்சி வகுப்பு ஆகியவை ஆயின. பெட்டியைக் கைகழுவும் தொட்டிக்கு மேலே திருகியாயிற்று. கால்நடை மருத்துவர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். எல்ஜின் பக்கத்தில் ஒருவரிடம் எட்டு வாரத்து அனடோலியன் குட்டிகள் இரண்டு இருப்பதாகக் கேள்விப்பட்டு, நாளைக் காலை மகளையும் அழைத்துக்கொண்டு போகிறோம். ஆட்டுப் பட்டியில் குட்டி நாயை முதல் இரவு தனியாக விடலாமா, கம்பித் தடுப்புக்குள் விட வேண்டுமா என்று சாரை நேசன் ஐயா சொன்னால் நல்லது.

மறுமொழி: சாரை நேசன்

தடுப்புக்குள்தான் விட வேண்டும், ஆனால் ஆடுகள் மூக்கை நீட்டி முகரும்படி வேலியை ஒட்டியே இருக்கட்டும். சாதுவான தாய் ஆடுகள் இரண்டை மட்டும் பக்கத்தில் விடுங்கள். முட்டும் ஆடுகளை முதல் மாதம் அருகே விட வேண்டாம். குட்டிகளை வீட்டுக்குள் தூக்கி வந்து கொஞ்ச வேண்டாம் என்று உங்கள் மகளிடம் இன்றிரவே சொல்லிவிடுங்கள், நாளை சொன்னால் கேட்கமாட்டாள்.